மறுபடி அனுப்பினால் போதும்

சொல் பிறப்பதற்கு முன்னே அதன் பொருளாக நின்று, சொல் ஓய்ந்த பின்னும் அதன் பயனாக நிற்கின்ற வேலவா! நான் அறியாமல் சொன்னதையும் அறிந்தே மறைக்க நினைத்ததையும் ஒன்றுபோல் கண்டவன் நீ. இனி எழுதப்போகும் பக்கங்களில் என்னை நானே நல்லவளாகக் காட்டிக்கொள்ளாதபடி என் கையைப் பிடித்துக்கொள்.

இன்று வைகாசி விசாகம். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக் கோயிலில் காலை அபிஷேகம் முடிந்து, பாலும் சந்தனமும் மணக்கும் கையோடு வீடு திரும்பி இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதச் சொன்னவர்கள், நான் ஓய்வு பெற்ற மானியப் பிரிவின் இளைய அலுவலர்கள். மானியம் கேட்கும் நிறுவனங்களுக்கு இனிமேல் தொலைபேசியில் ஓர் இயந்திரக் குரல் அவரவர் மொழியில் வழி சொல்லப்போகிறதாம். அந்தக் குரல் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு இவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. "பார்வதி சேச்சி, ஒரு போன் பண்ணி நீங்க மாட்டின கதை இங்க எல்லாருக்கும் பாதி பாதிதான் அறியும். முழுசா எழுதித் தரணும்" என்று கேட்டார்கள். பாதியாக உலவும் கதையில் நான் இப்போது இருப்பதைவிட நல்லவளாக இருக்கிறேன் என்று கேள்விப்பட்டேன். எழுத ஒப்புக்கொண்டதற்கு அதுவே காரணம்.

என் தந்தை கொச்சி நகராட்சியில் வேலை பார்த்தவர். தமிழ்க் குடும்பம்; ஆனால் நான் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்து எனக்குப் பஜனைக் குழுவில் கிடைத்தது. சேர்ந்து கிடக்கும் அடியைப் பதம் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்த பிறகே வாய்விட்டு ஓத வேண்டும் என்பது அந்தக் குழுவின் கட்டுப்பாடு. ஆகவே என்னிடம் இரண்டு தமிழ் இருந்தன. ஒன்று, பாடல்களின் தமிழ். மற்றொன்று, மலையாளத்தில் பாதி கரைந்துபோன எங்கள் தெருவின் தமிழ். இரண்டுக்கும் நடுவே தமிழ்நாட்டில் கோடிப்பேர் அன்றாடம் பேசும் தமிழ் என்று ஒன்று இருப்பதும், அது எனக்குச் சரியாகத் தெரியாது என்பதும் ஐம்பத்தேழு வயது வரை எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டச்சராகச் சேர்ந்தேன். தொழில் துறையில் மேசை மேசையாக ஏறி, விண்வெளித் தொழிலில் தனியார் சிறு நிறுவனங்களுக்குக் கதவு திறந்த பிறகு, அவற்றுக்காகக் காக்கநாட்டில் தொடங்கிய மானியப் பிரிவில் பரிசீலனை அலுவலராக அமர்ந்தேன். இடைப்பட்ட ஆண்டுகளில் சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

அந்தப் பிரிவின் வேலை முறையைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சிறு நிறுவனம் செயற்கைக்கோளுக்கான ஒரு கருவியைச் செய்கிறது. வேறொரு நாட்டில் இன்னொரு சிறு நிறுவனம் அதன் மறுபாதியைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து உழைக்க, இந்த அரசு தன் நிறுவனத்துக்கும் அந்த அரசு தன் நிறுவனத்துக்கும் மானியம் தரும். பணம் கடல் தாண்டாது. வேலை மட்டும் தாண்டும். ஆகவே ஒரே திட்டத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள், இரண்டு நாடுகளில், ஒரே நாளில் வந்து சேரும். இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும். எந்த மாதம், எந்த வேலை, யார் பொறுப்பு என்பதில் ஒரு வரி முரண்பட்டாலும் நாங்கள் வினாக் கடிதம் அனுப்புவோம். அதற்குக் குறித்த நேரத்துக்குள் விடை வராவிட்டால், விண்ணப்பங்கள் வந்து சேரும் இணையதளமான போர்ட்டல் தானாகவே "தகுதியற்றது" என்று எழுதிவிடும். இங்கே ஒன்று விழுந்தால் கடலுக்கு அப்பால் அதன் இணையும் விழும்.

இன்னொரு விதியும் உண்டு. விண்ணப்பித்தவரிடம் தொலைபேசியில் எந்த அறிவுரையும் சொல்லக் கூடாது. எல்லாமே எழுத்தில், எல்லாருக்கும் ஒரேபோல். அந்தச் சுற்றறிக்கையை அலுவலகம் முழுதுக்கும் தட்டச்சு செய்து ஒட்டியவளே நான்தான்.

எங்கள் மேலதிகாரி வர்கீஸ் சார். கோப்பை நின்றுகொண்டே படிப்பார். கையில் பென்சில் மட்டும் இருக்கும். பேனா மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும். முடிவு எடுத்த பிறகுதான் பூட்டைத் திறப்பார். "ஏறக்குறைய", "போலும்", "என்று தெரிகிறது" ஆகிய மூன்றும் அவர் பென்சிலுக்குத் தப்பியதில்லை. ஒருமுறை நான், "நிறுவனம் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தது" என்று குறிப்பு எழுதினேன்.

"எந்தா வாக்கு?" என்றார்.

"சார்?"

"வருத்தம் தெரிவிச்சுன்னு எழுதியிருக்கீங்க. என்ன வாக்கு பறஞ்ஞு அவங்க? அதே வாக்கு வேணும்."

போய்ப் பார்த்தேன். அந்தக் கடிதத்தில், "தங்கள் கடிதம் கண்டோம்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வருத்தம் என் கற்பனை. கோப்பு திரும்பி வந்தது. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "எந்தா வாக்கு?", அதாவது "என்ன சொல்?", என்ற இரண்டு சொற்களுக்கே அந்தத் தளத்தில் எல்லாரும் பயந்தோம்.

இனி அந்த வழக்கு.

களமசேரியில் ஒரு கொட்டகையில் இயங்கிய நிறுவனம். நடத்தியவர் மாதேஸ்வரன், ஈரோட்டுக்காரர். உடன் அவருடைய தங்கை தங்கம். சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோளுக்கு உணர்த்தும் ஒரு கருவியை ஐந்து ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்கள். கருவியின் உணரும் தலைப்பகுதி இவர்களுடையது. அதைத் தாங்கும் உடற்பகுதியும் மின்சுற்றும் ஐரோப்பாவின் வடக்கே ஒரு சின்ன நாட்டு நிறுவனத்துடையது. அந்த நாட்டிலிருந்து ஏவப்படவிருந்த ஒரு செயற்கைக்கோளில் இந்தக் கருவிக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தச் சுற்றுக்கான இரு நாட்டுக் கூட்டுக் குழுவில் மானியம் உறுதியானால் இடம் நிற்கும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவர் கருவிக்குப் போய்விடும். அடுத்த சுற்று எப்போது என்று எங்களுக்கே தெரியாது.

இரண்டு விண்ணப்பங்களையும் ஒப்புநோக்கினேன். வெப்ப-வெற்றிடச் சோதனை என்று ஒன்று உண்டு. காற்றை முழுதும் உறிஞ்சிய ஒரு பெட்டிக்குள் கருவியை வைத்து, மாறி மாறிச் சூடேற்றிக் குளிரவைத்துப் பார்ப்பது. அதைச் செய்வது யார் என்ற கட்டத்தில், இவர்கள் "பங்காளி நிறுவனம்" என்று எழுதியிருந்தார்கள். அவர்களோ "இந்திய நிறுவனம்" என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் தலையில் மற்றவர் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வினாக் கடிதம் எழுதினேன். வர்கீஸ் சார் கையெழுத்திட்டார். ஒரே ஒரு வரி விடை போதும். வியாழக்கிழமை மாலை ஐந்து மணி கெடு.

அந்தச் சுற்றில் மூன்று நிறுவனங்களுக்கு வினாக் கடிதம் போயிருந்தது. புதன்கிழமை மதியம் வரை எவரும் விடை அனுப்பவில்லை. அப்போது நான் தொலைபேசியை எடுத்தேன். மூவரில் ஒருவரை மட்டும் அழைத்தேன்.

"ஹலோ, மாதேஸ்வரன் சாரா? மானியப் பிரிவில இருந்து பார்வதி பேசறேன்."

"சொல்லுங்க மேடம். இருங்க, உள்ள டெஸ்ட்டிங் ஓடுதுங்க, வெளிய வந்தர்றேன்... ஆங், சொல்லுங்க."

"உங்க அப்ளிகேஷன்ல ஒரு குறை இருக்கு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள மறுபடி அயச்சா மதி."

"மறுபடி அனுப்புனா போதுங்களா?"

"போதும். மறுபடி மட்டும் மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"மறுபடி தானுங்களே மேடம்? சரியா கேட்டுக்கறேன்."

"மறுபடி தான்."

"தங்கத்துகிட்டச் சொல்லி இப்பவே அனுப்பிப்போடறேனுங்க. ரொம்ப நன்றிங்க மேடம். இந்த ஊர் ஆபீஸ்ல தமிழ்ல ஒருத்தரு கூப்பிட்டுச் சொல்றதே பெரிசுங்க."

வியாழக்கிழமை மதியம் போர்ட்டலைப் பார்த்தேன். மூன்று நிறுவனங்களுக்கு எதிரிலும் "ஆவணம் பெறப்பட்டது" என்று இருந்தது. கெடு முடியும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களால் திறந்து பார்க்க முடியாது. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு மாலையில் படகு ஏறினேன். வல்லார்பாடம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் அந்தி வெயிலில் கோபுரங்கள் போல நின்றதை ரசித்துக்கொண்டு வந்தேன் என்பதை வெட்கத்தோடு இங்கே பதிகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஆவணங்கள் திறந்தன. மற்ற இரு நிறுவனங்களும் ஒரு வரி விடையைத் தெளிவாக அனுப்பியிருந்தன. மாதேஸ்வரன் நிறுவனத்திலிருந்து வந்திருந்தது அவர்களுடைய பழைய விண்ணப்பம். முதலில் அனுப்பிய அதே நாற்பது பக்கம், ஒரு புள்ளிகூட மாறாமல். வினாவுக்குரிய விடைக் கட்டம் காலி. எதிரே சிவப்பில், கெடு முடிந்ததும் போர்ட்டல் தானாகவே எழுதிய வரி: "தகுதியற்றது."

கூட்டுக் குழு மாலை மூன்று மணிக்கு.

பத்து மணிக்கு அவரே வந்துவிட்டார். சட்டை கசங்கி, பெங்களூர்ச் சோதனைக்கூடத்திலிருந்து இரவு இரயிலில் நேராக வந்த முகம்.

"மேடம், தகுதியில்லைன்னு மெயில் வந்திருக்குதுங்க. என்னங்க இது?"

"நீங்க மறுபடி அயைக்கலையே சார்!"

"அனுப்புனமே! தங்கம் புதன்கிழமையே அனுப்பிப்போட்டாளே!"

"வந்தது பழைய அப்ளிகேஷன். மறுபடி எங்க?"

"அதுதானுங்க மறுபடி! நீங்கதான மேடம் மறுபடி அனுப்பச் சொன்னீங்க? நான் ரெண்டு வாட்டி கேட்டனே!"

"ஞான் மறுபடி கேட்டேன். நீங்க அதையே திரும்ப அனுப்பியிருக்கீங்க!"

"மறுபடின்னா திரும்பத்தானுங்க!"

பக்கத்து மேசையில் இருந்த ஷாஜி, எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர், தலையை நிமிர்த்தினான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. மலையாளத்தில் மறுபடி என்றால் விடை. எங்கள் தெருவிலும் அதுதான் பொருள், "லெட்டருக்கு மறுபடி வந்தோ?" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஈரோட்டில் மறுபடி என்றால் இன்னொரு முறை. பாடல்களில் "மறுமொழி" என்ற சொல்லை எத்தனை நூறு முறை ஓதியிருப்பேன்! தொலைபேசியில் அது என் வாயில் வரவில்லை.

அந்த மாதம் போர்ட்டல் கோளாறால் சிலருடைய ஆவணங்கள் பாழாகி, மீண்டும் பதிவேற்றச் சொல்லிப் பொது அறிவிப்பும் போயிருந்தது. தம்முடையதும் அப்படித்தான் போலும் என்று அவர் எடுத்துக்கொண்டார். வினாக் கடிதமோ அவர் பெயரில் உள்ள கணக்குக்குள் மட்டும் தெரியும். சோதனைக்கூடத்தில் இருந்தவர் அதைத் திறக்கவில்லை; ஆவணம் ஏற்ற மட்டும் அனுமதி உள்ள தங்கை அதைப் பார்க்க வழியில்லை. அவள் அண்ணன் சொன்னதை அப்படியே செய்தாள்.

"இப்ப என்னங்க பண்றது?" என்றார். "அவங்க ஊர்லயும் அடிச்சுப்போடுவாங்கல்ல? எங்களால அவங்களும் போனாங்கன்னு ஆயிரும்."

வரவேற்பறையில் காத்திருக்கச் சொன்னேன். அவர் நகர்ந்ததும் ஷாஜி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"சேச்சி, நான் ஒண்ணு சொல்லட்டே? லெட்டர் கிளியரா இருக்கு. நம்ம சைடு ஒரு குற்றமும் இல்ல. போன்ல சொன்னதுக்கு ரெக்கார்டும் இல்ல. மிண்டாம, வாய் திறக்காம இருங்க."

"சொன்னது ஞான் அல்லே ஷாஜி?"

"சொன்னேன்னு எழுதினா முதல்ல கேக்கப்போறது, எதுக்குப் போன் பண்ணி விளிச்சேன்னு. அந்தச் சர்க்குலர்ல சேச்சி ஒட்டின பசை இன்னும் காஞ்சிருக்காது. ரெண்டாவது கேக்கப்போறது, மத்த ரெண்டு பேரை விளிச்சோன்னு. விளிச்சோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அது பறயூ! தமிழனுக்கு வேண்டி மட்டும் விளிச்சுன்னு ஊர் முழுக்க ஆகும். ரிட்டயர் ஆக எட்டு மாசம். முப்பது வருஷத்து சர்வீஸ் புக்கைக் கெடுக்க இந்த ஒரு பேஜ் மதி சேச்சி."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் தவறில்லை. பேசாமல் இருந்தால் நான் பொய் சொன்னவளும் ஆகமாட்டேன். கடிதம் தெளிவு, கெடு முடிந்தது, விதி தன் வேலையைச் செய்தது. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்தி உள்ளவள் உடனே எழுந்து உண்மையைச் சொல்லப் போனாள் என்றுதான் பாதிக் கதையில் உலவுகிறதாம். இல்லை. அந்தப் பத்து நிமிடமும் நான் வேலவனை வேண்டியது, அந்த மனிதர் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான்.

அவர் போகவில்லை. கண்ணாடித் தடுப்பின் வழியே பார்த்தேன். கைபேசியில் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். "நீ ஒண்ணும் தப்புப் பண்ணல சாமி... இல்ல, அழுவாத... நான்தான் சரியாக் கேட்டுக்கல" என்பது கேட்டது.

எழுந்தேன். வர்கீஸ் சார் அறைக்குள் போனேன். அவர் வழக்கம்போல் நின்று படித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எந்தா வாக்கு?" என்றார்.

"மறுபடி அயச்சா மதின்னு பறஞ்ஞு சார்."

"அவர் என்ன வாக்கு திரும்பப் பறஞ்ஞு?"

"மறுபடி தானான்னு கேட்டார். ஞான் மறுபடி தான்னு சொன்னேன்."

பென்சிலைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"மத்த ரெண்டு கம்பெனியை விளிச்சீங்களோ?"

"இல்ல சார்."

"எதுக்கு இவரை மட்டும்?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். கடைசி நாள் நெருங்கியது, அயல்நாட்டுப் பங்காளி பாதிக்கப்படுவார் என்றெல்லாம். "பேர் தமிழா இருந்துச்சு சார்" என்றேன்.

அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். நேரம் பத்தே முக்கால். கடலுக்கு அப்பால் அந்த அலுவலகம் திறக்க நமக்குப் பன்னிரண்டரை ஆகும்.

"இரண்டும் எழுதுங்க," என்றார். "நீங்க சொன்ன வாக்கு மலையாள எழுத்தில ஒண்ணு, தமிழ் எழுத்தில ஒண்ணு. ரெண்டு பாஷையிலயும் அதுக்கு என்ன அர்த்தம்னு. எதுக்கு விளிச்சீங்கன்னும் எழுதுங்க. இப்ப சொன்ன அதே வாக்கு. அதை மாத்தினா நான் இதை மேலே எடுக்க மாட்டேன்."

எழுதினேன். முப்பது ஆண்டுகளாக எத்தனையோ பேருடைய பிழைகளைக் குறிப்பாக எழுதிய கைக்கு, அந்த ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டரைக்கு வர்கீஸ் சார் அந்த நாட்டு அலுவலரான எல்சா அம்மையாரை அழைத்து, என் குறிப்பை ஆங்கிலத்தில் வரிக்கு வரி படித்தார். அம்மையார் ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொண்டார். பிறகு அவர், பிழை அலுவலகத்துடையது என்பதால் ஒரு வாய்ப்புத் தரலாம் என்றும், ஆனால் இரு நிறுவனங்களுக்கும் அதே வினாவை அனுப்ப வேண்டும், இரண்டும் தனித்தனியே இரண்டரை மணிக்குள் எழுத்தில் விடை தர வேண்டும், விடைகள் பொருந்த வேண்டும் என்றும் சொன்னார்.

வினா போயிற்று. மாதேஸ்வரன் வரவேற்பறையிலேயே மடிக்கணினியைத் திறந்தார். பங்காளி நிறுவனத் தலைவரை ஐந்தாறு முறை அழைத்தார், அவர் எடுக்கவில்லை. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். ஒரு சொல் பேச எனக்கு அனுமதி இல்லை. என்னைப் பார்த்து ஒருமுறை ஏதோ கேட்க வந்தவர், என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

இரண்டரைக்கு விடைகள் திறந்தன. மாதேஸ்வரன்: "வெப்ப-வெற்றிடச் சோதனையை எங்கள் நிறுவனம் செய்யும்." வடக்கு நாட்டுப் பங்காளி: "வெப்ப-வெற்றிடச் சோதனையை எங்கள் நிறுவனம் செய்யும்."

"இப்ப ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டாங்க!" என்றான் ஷாஜி. "முதல்ல ரெண்டு பேருக்கும் வேண்டா. இப்ப ரெண்டு பேருக்கும் வேணும். முடிஞ்ஞு சேச்சி."

கூட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம். இன்னொரு வினா அனுப்ப நேரமும் இல்லை, வழியும் இல்லை. நான் இரண்டு விண்ணப்பங்களின் வேலைத் திட்டப் பக்கங்களையும் எடுத்து, ஒன்றை ஷாஜி கையில் கொடுத்தேன்.

"உரக்க வாசி. நிறுத்தி நிறுத்தி. ஒரு வாக்கும் விழுங்கக் கூடாது."

"இப்பவா? பூஜைக்கு ஓதற மாதிரியா?"

"ஆமா. வாசி."

அவன் மாதேஸ்வரன் பக்கத்தை வாசிக்க, நான் மற்றதை விரலால் தொடர்ந்தேன்.

"ஆறாம் மாசம், ஹெட் அசெம்ப்ளி. ஏழாம் மாசம், டெஸ்ட், ஹெட். எட்டாம் மாசம், ஷிப்பிங். பத்தாம் மாசம், டெஸ்ட்..."

"நில்லு. பத்தாம் மாசம் எதுக்கு டெஸ்ட்?"

"முழு யூனிட்டுக்கு."

"ஏழாம் மாசம்?"

"ஹெட்டுக்கு... சேச்சி!"

இரண்டு சோதனைகள். தலைப்பகுதிக்கு மட்டும் இங்கே, ஏழாம் மாதம். பொருத்திய முழுக் கருவிக்கு அங்கே, பத்தாம் மாதம். என் பக்கத்திலும் அதே இரண்டு மாதங்கள், அதே இரண்டு வேலைகள். விண்ணப்பத்தின் கட்டத்தில் "சோதனை" என்று ஒருமையில் இருந்ததால், இவர்கள் முழுக் கருவியை நினைத்துப் பங்காளி என்று எழுதினார்கள். அவர்கள் தலைப்பகுதியை நினைத்து இந்திய நிறுவனம் என்றார்கள். இன்று பயந்துபோனதும் இருவரும் தத்தம் கையில் உள்ள வேலையைச் சொன்னார்கள். எந்த இடத்திலும் முரண்பாடு இல்லை. மாதங்களைச் சரிபார்த்த நான், அந்த மாதங்களுக்கு எதிரே எந்தப் பொருள் என்பதைச் சேர்த்துப் படிக்கவில்லை. வினாக் கடிதமே தேவையற்றது. புதன்கிழமை தொலைபேசிக்கும் வெள்ளிக்கிழமை கண்ணீருக்கும் வேரானது என் மேசையில் பிறந்த கேள்வி.

ஓடினேன். வர்கீஸ் சார் கூட்ட அறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ஒரே நாள்ல ரெண்டா, பார்வதி?" என்றார். சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை. "இதையும் எழுதுங்க. ஐந்து நிமிஷம்."

எழுதிய பக்கத்தை வாங்கி, இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: "இவ்வினாக் கடிதத்தைச் சரிபார்க்காமல் கையொப்பமிட்டவன் நான்."

கூட்டத்தில் என்னையும் பின் வரிசையில் அமர்த்தினார்கள். எல்சா அம்மையார் திரையில். இரு நிறுவனத் தலைவர்களும் இணைக்கப்பட்டார்கள். வர்கீஸ் சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "நீங்கள் செய்வதாகச் சொன்ன சோதனை எந்தப் பொருளுக்கு?" மாதேஸ்வரன், "சென்சார் ஹெட்டுக்கு மட்டுங்க சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். வடக்கு நாட்டவர், "முழுக் கருவிக்கு" என்றார். அதன் பிறகு குழு என் இரண்டு குறிப்புகளையும் படிக்கச் சொல்லிக் கேட்டது. தொலைபேசி விதியை மீறிய பகுதியைப் படிக்கும்போது உறுப்பினர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு உரியதுதான். முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். மற்ற இரு நிறுவனங்களுக்கும் இந்த நிகழ்வை எழுத்தில் தெரிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மானியம் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்த வாரம் இருவரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதினார்கள். செயற்கைக்கோளில் இடம் நின்றது.

எனக்குக் கண்டனக் குறிப்பு ஒன்று பணிப் பதிவேட்டில் ஏறியது. ஓய்வு வரை எஞ்சிய மாதங்கள் ஆவணக் காப்பறையில். இரண்டும் நியாயம். வர்கீஸ் சாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததாக ஷாஜிதான் சொன்னான், அவர் சொல்லவில்லை.

மானிய ஆணை வாங்க வந்த அன்று மாதேஸ்வரன் காப்பறையைத் தேடிக் கீழே வந்தார். தங்கமும் உடன் இருந்தாள். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். விண்ணப்பித்தவரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்றேன். "தெரியுமுங்க, எங்களுக்குத்தான் எடுத்துட்டு வந்தோம்" என்று அவளே அதைப் பிரித்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா மேடம்?" என்றார் அவர். "மூணு பேருல என்னை மட்டும் ஏனுங்க கூப்பிட்டீங்க?"

"உங்க பேர் தமிழா இருந்துச்சு."

அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, என் மனம் நோகக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னார்: "நீங்க கூப்பிடாத ரெண்டு பேரும் லெட்டரைத் தொறந்து பாத்து, நேரத்துக்குப் பதில் அனுப்பிச்சுப்போட்டாங்களுங்க மேடம்."

இளையவர்களே, இயந்திரக் குரலுக்குச் சொல் எழுதப்போகும் உங்களுக்கு நான் தரக்கூடியது அந்த மனிதர் சொன்ன இந்த ஒரு வாக்கியம்தான். அதை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

இதைப் படித்தவர்கள் யாவரும், எந்த ஊரினராயினும் எந்த மொழியினராயினும், சொன்னது சொன்னபடியே கேட்கப்பெற்று, உழைத்தது உழைத்தபடியே பலிக்கப்பெற்று, விசாகத்து நாயகன் அருளால் நோயும் அச்சமும் இன்றி நெடுங்காலம் வாழ்வீர்களாக.